மலையைச் சுற்றி ஓர் எல்லை



நம் சேகரத்தின் வாலிபர் ஐக்கியத்தார் பச்சைமலையில் இரண்டு நாள் முகாம் ஒன்றை நடத்த விரும்புகிறார்கள். லெந்து நாட்களில், காட்டுக்குள் கூடாரம் அடித்து, இரவில் கேம்ப் ஃபயர் மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து பாடி ஜெபித்து, விடியற்காலையில் மலையுச்சிக்கு ஏறி ஆராதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். வனத்துறையின் அனுமதியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஆண்டவர் உண்டாக்கிய மலைக்கு ஏற மனிதரிடம் அனுமதி எதற்கு, ஐயா?" என்ற கேள்வியும் எழுந்தது. கேட்டவர்களின் உள்ளத்தில் தவறான எண்ணம் எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் நம்மில் பலருடைய மனத்திலும் இருக்கக்கூடிய கேள்வி இது. ஆகவே இந்த வாரத் தியானத்தில் இதற்கு எல்லாரும் அறிய விடை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் மலைக்குப் போகட்டும். ஆனால் லெந்து நாட்களில் வேண்டாம். காட்டுக்குள் நெருப்போடு இரவு தங்குவதும் வேண்டாம். அனுமதி கேட்டு, கிடைத்தபின் ஏறட்டும். அனுமதி கேட்பதை ஆராதனைக்கு வந்த இடையூறாக எண்ணாமல், அந்த ஆராதனையின் முதற்படியாக எண்ணட்டும்.

மலைக்குப் போகும் ஆசை நல்ல ஆசை. ஆபிரகாம் மோரியாவுக்கு ஏறினான். எலியா களைத்துச் சோர்ந்த வேளையில் ஓரேபுக்கு நடந்தான். நம் ஆண்டவரும் திரளான ஜனங்களை அனுப்பிவிட்டு ஜெபிக்கும்படி தனித்து மலைமேல் ஏறினார் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. நாமோ சமவெளியின் மக்கள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்டு ஆலைகளும், இரவும் பகலும் ஓடும் லாரிகளும். தேர்வுகளுக்கு இடையிலும் கைபேசியின் வெளிச்சத்திலும் வாழும் பிள்ளைகள், மேற்கே நீலக் கோடாகத் தெரியும் பச்சைமலையை நோக்கி, "அங்கே போனால் கொஞ்சம் அமைதி கிடைக்கும்" என்று சொல்வார்களானால், அதற்காக நாம் கர்த்தரைத் துதிக்கவேண்டும்.

அந்த மலையைப் பற்றியும் நாம் கொஞ்சம் அறிந்திருக்கவேண்டும். பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. லாடபுரத்தை அடுத்த மயிலூற்று அருவியும், தொண்டமாந்துறைப் பக்கத்துக் கோரையாறு அருவியும் மழைக்காலத்தில் நம்மை அழைக்கின்றன. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணை நிற்கிறது. மலையில் பெய்யும் மழைதான் கீழே நம் ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் ஊறி வருகிறது. காடு கெட்டால் மலைக்கு மட்டுமா கேடு? நம் வீட்டுக் குடத்துக்கும் அது கேடு.

இப்போது கேள்விக்கு வருவோம். தேவன் உண்டாக்கிய மலைக்கு எல்லை உண்டா? யாத்திராகமம் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். சீனாய் மலையின்மேல் கர்த்தர் இறங்கப்போகிறார். அதற்குமுன் மோசேக்குக் கிடைத்த கட்டளை என்ன? மலையைச் சுற்றிலும் ஜனங்களுக்கு எல்லை குறிக்கவேண்டும்; அவர்கள் மலையில் ஏறவும் அதின் அடிவாரத்தைத் தொடவும் கூடாது. இரண்டு நாள் அவர்கள் தங்களைச் சுத்திகரித்துக்கொண்டு, மூன்றாம் நாளுக்காகக் காத்திருக்கவேண்டும். அதே அதிகாரத்தின் முடிவில், ஜனங்கள் எல்லையைத் தாண்டாதபடி மீண்டும் எச்சரிக்கும்படி கர்த்தர் மோசேயைக் கீழே அனுப்புகிறார். மலை தேவனுடையதாக இருந்தபடியினால்தான் அதற்கு எல்லை வந்தது. "தேவனுடைய மலை" என்று சொல்லிக்கொண்டே எல்லையைத் தாண்டுகிறவர், யாருடைய மலை என்பதை மறந்துவிடுகிறார்.

சீனாய் மலையும் பச்சைமலையும் ஒன்று என்று நான் கூறவில்லை. நம் காட்டின் எல்லையை வகுத்தது அரசாங்கச் சட்டம். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதையும் நெருப்பு மூட்டுவதையும் 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் தடுக்கிறது. காட்டு உயிர்களைக் காக்க 1972-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லைக்கு முன் நின்று காத்திருப்பதும் பக்தியின் ஒரு வடிவம் என்பதை சீனாயின் அடிவாரத்தில் நின்றவர்கள் நமக்குக் கற்றுத்தருகிறார்கள்.

எல்லையின் பயனை நம் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே காணலாம். சாத்தனூர்க் கல்மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் நிலம் ஒரு காலத்தில் கடலாய் இருந்தபோது வந்து புதைந்து, கல்லாய் மாறிய மரம் அது. சுமார் 18 மீட்டர் நீளம். அதின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று அறிஞர் கணக்கிடுகிறார்கள். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். இன்று அதற்கு வேலி உண்டு. வேலி இல்லாதிருந்தால், வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு நினைவுக்காக எடுத்துப் போயிருக்க மாட்டார்களா? வேலி நம்மை விரட்டுவதற்காகப் போடப்பட்டதன்று. நமக்குப்பின் வரும் பிள்ளைகளும் வந்து பார்க்கவேண்டும் என்பதற்காகப் போடப்பட்டது.

அடுத்து, இரவைப் பற்றிச் சொல்கிறேன். 104-ஆம் சங்கீதத்தை நாம் நன்றி ஆராதனைகளில் வாசிக்கிறோம். அதில் 18-ஆம் வசனத்திலிருந்து 23-ஆம் வசனம் வரை நிதானமாய் வாசியுங்கள். உயர்ந்த மலைகள் யாருக்கு அடைக்கலம் என்று சங்கீதக்காரன் சொல்கிறான்? வரையாடுகளுக்கு. நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள இந்த வரையாடு என்ற பெயரே இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கின் பெயர். பிறகு அவன் காலத்தைப் பங்கிடுகிறான். இருள் கவியும்போது காட்டு ஜீவன்கள் வெளியே வருகின்றன. சூரியன் உதிக்கும்போது அவை திரும்பித் தங்கள் மறைவிடங்களில் படுத்துக்கொள்கின்றன. அப்பொழுது மனுஷன் தன் வேலைக்குப் புறப்பட்டு மாலைமட்டும் உழைக்கிறான். பகலை மனுஷனுக்கும் காட்டின் இரவை மிருகங்களுக்கும் தேவன் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். பொழுது சாயுமுன் இறங்கிவிடுங்கள் என்று வனக்காவலர் சொல்லும்போது, நாம் ஞாயிறுதோறும் மதிக்கும் வேதம் சொல்வதையே அவர் சொல்கிறார். காட்டின் இரவுக்குள் ஒலிபெருக்கியோடும் விளக்கோடும் நுழைந்து பாடுவது துதியாகத் தோன்றலாம். கர்த்தர் வேறு ஜீவன்களுக்குக் கொடுத்த வேளையில் நாம் வாசல் தட்டுகிறோம் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது துக்கமானது. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு. நாம் ஆலயத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அந்தப் பிற்பகலில், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் அந்தத் தீயில் சிக்கினர். அன்றும், அதற்குப்பின் மருத்துவமனைகளிலும் 23 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்; பெண்கள் பலர். நம் வாலிபர் ஐக்கியத்தின் வயதினர். மலையடிவாரத்துக் கிராம மக்கள் முதலில் ஓடிச்சென்று காயப்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன.

அவர்களைக் குற்றஞ்சாட்ட இதை நான் எழுதவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்டுபோன 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று ஆண்டவர் லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் தெளிவாய்ச் சொன்னார். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் தங்களைத் திருத்திக்கொள்ளவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். குரங்கணியிலிருந்து நாம் கற்கவேண்டியது உண்டு.

நம் மலைகளில் வளர்பவை பெரும்பாலும் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனி விலகி, பிப்ரவரி பிறந்தால் தரையெங்கும் சருகு. ஆளுயரப் புல் வைக்கோலாய்க் காய்ந்து நிற்கிறது. ஒரு பீடித் துண்டு போதும். அணைந்துவிட்டது என்று நாம் எண்ணிய சமையல் அடுப்பின் ஒரு கங்கு போதும். மேலும், சரிவில் மேல்நோக்கிச் செல்லும் நெருப்பு, சமதரையில் செல்லும் நெருப்பைவிட வேகமாய்ப் பாயும். சுவாலை மேலே சாய்ந்து, எதிரே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. பகற்காற்றும் சரிவின்வழி மேல்நோக்கியே வீசும். பயந்து மேலே ஓடுகிறவரை நெருப்பு துரத்திப் பிடித்துவிடும். சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடும் என்று யாக்கோபு தன் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் நாவைப் பற்றி எச்சரிக்க ஓர் உவமை எடுத்தார். அதை நாம் உவமையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். எழுதியவருக்கு எரியும் மலையைப் பற்றித் தெரிந்திருந்தது.

லெந்து நாட்கள் பெரும்பாலும் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கின்றன. நம் காடுகளில் தீ அபாயம் மிகுந்திருக்கும் நாட்களும் அவையே. அந்த வாரங்களில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைப்பதும் அதனால்தான். நாம் உபவாசிக்கும் நாட்களில் காடும் தண்ணீரின்றி, இலையின்றி உபவாசித்து நிற்கிறது. அதைத் தனித்து விடுவது நம் லெந்து ஒடுக்கத்தின் ஒரு பகுதியாக இருக்கட்டும். சிலுவை சுமந்து மலையேறவேண்டும் என்று ஆசைப்படுகிற சபைகளுக்கும் இதையே தாழ்மையாய்ச் சொல்வேன். அந்த நடையை நம் ஊர்த் தெருவில், ஆலய வளாகத்தில் நடத்தலாம். கொல்கொதாவும் நகரத்துக்குச் சமீபமாகவே இருந்தது.

குரங்கணிக்குப்பின் அதே 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. பழங்குடி இளைஞரும் காட்டோரக் கிராமத்து இளைஞரும் பயிற்சி பெற்று அங்கே வழிகாட்டிகளாக நடக்கிறார்கள். நம் இரு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகையால் நாம் மாவட்ட வன அலுவலகத்துக்கே நேரில் போய், எந்தப் பாதை, எத்தனை பேர், எந்த நாள் என்று எழுதிக் கொடுத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. ஒருநாள் வேலை அது. ஒரு நடைக்காக ஒருநாள் அலைய மனமில்லாதவர், மலையில் ஆண்டவருக்காகக் காத்திருப்பாரா?

இன்னொரு காரணமும் உண்டு. பச்சைமலை ஆளில்லாத இடமன்று. அங்கே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறார்கள். வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று அவர்களுடைய மலைநாடுகளுக்குப் பெயர்கள் உண்டு. மரவள்ளியும் சாமையும் பலாவும் முந்திரியும் அவர்கள் உழைப்பில் விளைகின்றன. நாம் முகாம் என்று சொல்கிற இடம் அவர்களுக்கு வீட்டுப் பின்கட்டு. நாம் அருவிக் குளியல் என்று சொல்கிறது அவர்களுக்குக் குடிநீர். நம் வீட்டுத் தோட்டத்தில் முன்பின் தெரியாத நாற்பது பேர் வந்து கூடாரம் அடித்து, விடியுமட்டும் பாடிவிட்டு, தட்டும் பாட்டிலும் விட்டுப் போனால், அவர்கள் பாடியது கீர்த்தனை என்பதற்காக நாம் மகிழ்வோமா?

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு மலைகளோடு பழைய உறவு இருக்கிறது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் தப்பக் கொடைக்கானலில் வீடுகள் கட்டினார்கள். அன்றுமுதல் மலை என்றால் ஓய்விடம் என்ற எண்ணம் நம் சபைகளிலும் வேரூன்றியது. ஓய்வு தவறன்று. ஆனால் அந்த மலைகளில் முன்பே இருந்த பளியர், புலையர் ஆகியோரின் பெயர்களை நம் முகாம்களில் எத்தனைமுறை சொல்லியிருக்கிறோம்?

வேறொரு உறவும் நம் வரலாற்றில் உண்டு. அது நமக்குப் பக்கத்து மலையிலேயே நிகழ்ந்தது. பச்சைமலைக்கு மேற்கே கொல்லிமலை. அங்கே ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் மிஷனெரித் தம்பதியர் குடியேறி, மருத்துவமும் போதனையும் செய்தார்கள். நரம்புச்சிலந்தி நோய் வராதபடி கிணறுகளைக் காக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்து அந்த மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். எவலின் அம்மையார் முதுமையிலும் மலை மக்களிடம் திரும்பிவந்து உழைத்தார். மக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தார்கள். 1974-இல், 95-ஆம் வயதில் அவர் காலமானார். முகாம் முடிந்து இறங்கிப்போகிற விருந்தாளியாக இராமல், அந்த மலையின் மனுஷியாகவே ஆகிப்போனவர் அவர்.

1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகறிந்தவர். தம் சிறுவயது நினைவு ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். மலைச்சரிவில் படிப்படியாய் அமைந்த நெல்வயலில் அவரும் மற்றப் பிள்ளைகளும் தவளை பிடித்து விளையாடினார்கள். அதனால் சேறு கலங்கி, கீழ் வயலுக்குத் தண்ணீரோடு வழிந்தது. அவ்வூர்த் தாத்தா ஒருவர் வந்தார். ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்துக் காட்டினார். இந்தச் சேறு இந்த வயலில் இருக்கும்வரை ஆண்டாண்டாய்ச் சோறு போடும், கலங்கி ஓடிப்போனால் மலையேறித் திரும்பி வராது என்ற பொருள்பட அவர்களுக்குப் புத்தி சொன்னார். பிள்ளைகள் விளையாட்டை விட்டுக் கரையேறினார்கள். உலகம் போற்றும் மருத்துவர் அந்த மலைவாசித் தாத்தாவைத் தம் ஆசிரியராக முதுமை வரை நினைத்திருந்தார். நம் பிள்ளைகளும் பச்சைமலைக்குப் போதிக்கிறவர்களாக மட்டும் போகாமல், கேட்டுக்கொள்கிறவர்களாகவும் போகவேண்டும் என்பதே என் விருப்பம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "ஐயா, பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் குவாரிகளுக்கும், நிலத்தைப் பாதாளம்வரை தோண்டும் சுரங்கங்களுக்கும் அனுமதி கிடைக்கிறது. ஜெபிக்கப் போகிற பிள்ளைகளுக்குத்தானா தடை?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் சிலர் அந்தக் குவாரிகளின் புழுதியைத் தினமும் சுவாசிக்கிறீர்கள். சிலர் அவற்றில் வேலை செய்தே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறீர்கள். இந்தக் கேள்வியின் வலியை நான் மறுக்கவில்லை. நிலத்தைத் தோண்டுவதற்கும் எல்லை வேண்டும் என்று சபையாகிய நாம் பேசவேண்டியது உண்டு. ஆனால் அப்படிப் பேசுவதற்கு நமக்கு வாய் வேண்டுமே! சிறிய எல்லையை நாமே ஜெபத்தின் பெயரால் தாண்டிவிட்டு, பெரிய எல்லையைத் தாண்டுகிறவர்களைப் பார்த்து எந்த முகத்தோடு கேட்போம்?

செலவு என்ற மறுப்பும் உண்டு. வாகனம், கட்டணம், வழிகாட்டியின் கூலி என்று சேர்த்தால், கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பாரம். அந்தப் பாரத்தைச் சபை சுமக்கவேண்டும். பணம் இல்லாதபடியினால் ஒரு பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது. பணம் மிச்சம் பிடிப்பதற்காக எல்லாப் பிள்ளைகளையும் அனுமதியில்லாத வழியில் அழைத்துப் போகவும் கூடாது.

ஆகவே சேகரக் கமிட்டியின் முன் நான் வைக்கவிருக்கும் ஆலோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

பயணத்தை லெந்து முடியும்வரை அன்று, அடுத்த மழைக்காலம் கழியும்வரை தள்ளிவைப்போம். மார்கழி, தை மாதங்களில் காடு பசுமையாகவும் ஈரமாகவும் இருக்கும். வனத்துறை எந்த நாளைக் குறித்துக் கொடுக்கிறதோ அந்த நாளை ஏற்போம்; மறுத்தால் அந்த மறுப்பையும் ஏற்போம்.

பகலில் ஏறி, பொழுது சாயுமுன் இறங்குவோம். கூடாரம் அடிக்கும் ஆசையை அடிவாரத்து ஊர் ஒன்றில், ஊராரின் சம்மதத்தோடு நிறைவேற்றுவோம். நட்சத்திரங்கள் அங்கிருந்தும் தெரியும்.

மலைவாசிகளில் ஒருவரையே வழிகாட்டியாகக் கேட்போம். உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். பகல் உணவைக் கட்டுச்சோறாக எடுத்துச் செல்வோம். புளியோதரைக்கு அடுப்பு வேண்டியதில்லை. தீப்பெட்டி எவர் பையிலும் இருக்கவேண்டாம். கொண்டுபோனதெல்லாம் நம்மோடு திரும்பி வரட்டும்.

ஒலிபெருக்கி வேண்டாம். மலையில் ஒரு மணி நேரமாவது பேசாமல் அமர்ந்திருப்போம். ஓரேபில் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோனபின், மெல்லிய சத்தத்திலேதான் எலியா கர்த்தரை அறிந்துகொண்டான்.

கடைசியாக ஒன்று; இது சிலருக்குக் கசக்கலாம். பாறைகளில் வசனம் எழுதாதீர்கள். சுண்ணாம்பாலும் பெயிண்டாலும் சிலுவை வரையாதீர்கள். உச்சியில் சிலுவை நடவும் வேண்டாம். கர்த்தருடைய மகிமையைக் கூறுவதற்கு அந்தப் பாறைக்கு நம் தூரிகை தேவையில்லை. நம் விசுவாசத்துக்கு மலையில் அடையாளம் வைக்கவேண்டுமானால், இந்தச் சபையார் வந்துபோன இடத்தில் ஒரு தாளும் கிடக்கவில்லை என்று அவ்வூரார் சொல்லும் சாட்சியே போதும்.

மலையில் கூடாரம் போட விரும்பிய முதல் வாலிபர் நம் பிள்ளைகள் அல்லர். மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் மறுரூபமான மலையின்மேல் பேதுருவுக்கு அந்த ஆசை வந்தது. இயேசுவுக்கும் மோசேக்கும் எலியாவுக்கும் மூன்று கூடாரங்கள் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். அந்த யோசனைக்கு ஆண்டவர் ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லவில்லை. மேகத்திலிருந்து வந்த சத்தம் குமாரனுக்குச் செவிகொடுக்கும்படி சொல்லிற்று. பின்பு அவர்கள் மலையைவிட்டு இறங்கினார்கள். அடிவாரத்தில், நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தான்.

நம் மலைப்பயணமும் அப்படியே முடியட்டும். பச்சைமலையிலிருந்து இறங்கி வருகிற நம் பிள்ளைகளுக்காக அடிவாரத்திலும் ஒருவர் காத்திருப்பார்: பிரசவத்துக்குச் சாலை இல்லாமல் தவிக்கும் மலைக்கிராமத்துத் தாய், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பையன், குவாரிப் புழுதியில் இருமும் நம் பக்கத்து வீட்டுக்காரர். அவர்களைக் காணும் கண்களோடு இறங்குவார்களானால், அவர்கள் மெய்யாகவே மலைக்குப் போய்வந்தவர்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாலிபர் ஐக்கியத்தாரோடு அமர்ந்து பேசவிருக்கிறேன். பெற்றோரும் வாருங்கள். மாறுபட்ட கருத்து உடையவர்கள் கட்டாயம் வாருங்கள்.

ஜெபம்: மலைகளையும் அவற்றில் குடியிருக்கிற யாவரையும் உண்டாக்கின எங்கள் பிதாவே, நீர் வைத்த எல்லைகளில் உம்முடைய அன்பைக் காண எங்களுக்குக் கற்றுத்தாரும். ஏறும்போது தாழ்மையையும், அங்கே இருக்கும்போது அமைதியையும், இறங்கும்போது இரக்கத்தையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும். குரங்கணியில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களை ஆற்றித் தேற்றும். காட்டைக் காக்கிறவர்களையும் காட்டில் வாழ்கிறவர்களையும் உமது செட்டைகளின் நிழலில் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்